குட்டிகளை எண்ணுகிறவர்கள்

மன்னார் வளைகுடாவில் பவளம் படிக்க வருகிற மாணவி முதலில் கற்க வேண்டியது வெள்ளை நிறத்தை.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கரையோரமாக 21 தீவுகள் கணக்கில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி, பெரும்பாலும் இரண்டு ஆள் ஆழத்துக்குள்ளேயே பவளத்திட்டுகள். வெயில் ஏறிய மே மாதத்தில் முகமூடி போட்டுக்கொண்டு அங்கே குனிந்து பார்த்தால் திட்டில் ஆங்காங்கே வெள்ளை தெரியும். புதிதாக வந்தவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். 'செத்துவிட்டது' என்று பலகையில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் அங்கே குறைந்தது நான்கு விதமான வெள்ளை இருக்கலாம். நான்குக்கும் காரணம் வேறு, அடுத்து நடக்கப்போவதும் வேறு.

ஒரு மூளைப்பவளத்தின் அருகே, மூக்கு முட்டும் அளவுக்குப் போய்ப் பாருங்கள். மேலே ஒளி ஊடுருவும் மெல்லிய சதை இருக்கிறது. அதன் வழியாக அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கூடு தெரிகிறது. கையை அசைத்துத் தண்ணீரை மெல்லத் தள்ளினால் சதை லேசாகச் சுருங்கும். இது வெளிறிய பவளம். உயிர் இருக்கிறது, பட்டினி கிடக்கிறது. பக்கத்திலேயே இன்னொன்று. அதில் சதை இல்லை. கிண்ணம் கிண்ணமாக இருக்கும் குழிகளின் விளிம்புத் தகடுகள் கூர்மையாக, துல்லியமாகத் தெரிகின்றன. இது சில நாள்களுக்குள் செத்தது. இன்னும் கொஞ்ச நாளில் இதன் மேல் பச்சையும் பழுப்புமாக நுண்பாசி படர்ந்துவிடும். அப்புறம் வெள்ளையும் இருக்காது. மூன்றாவதில் வெள்ளை ஒரு பட்டையாக ஓடுகிறது. ஒரு பக்கம் நல்ல நிறமுள்ள சதை, நடுவில் வெள்ளை, மறுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை கூடிக்கொண்டே போகும் பழைய எலும்பு. பச்சை எந்தப் பக்கம் அடர்த்தியோ அங்கிருந்துதான் நோய் புறப்பட்டிருக்கிறது. நல்ல சதை இருக்கும் பக்கமாக அது நகர்ந்துகொண்டிருக்கிறது. நான்காவது, கிளைப்பவளம் ஒன்றின் அடிக்கிளைகளில் மட்டும் திட்டுத்திட்டான வெள்ளை. கிளைகளின் இடுக்கில் விரலை விடாமல், விளக்கடித்துப் பார்த்தால் விரல்நுனி அளவு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ட்ருப்பெல்லா என்ற இந்த நத்தை பகலில் பதுங்கி இரவில் சதையைச் சுரண்டித் தின்னும். கிளிமீன் கொத்தியிருந்தால் வேறு மாதிரி இருக்கும்: எலும்பும் சேர்ந்து பெயர்ந்த சின்னச் சின்னக் கீறல்கள்.

இந்த நான்கையும் பிரித்தறிவதற்கு ஒரு முழுக் கோடை தேவைப்படும். புத்தகத்தில் படம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படத்தில் அலை கிடையாது, கலங்கல் கிடையாது, மூச்சுக்குழாயில் தண்ணீர் ஏறுவதும் கிடையாது.

இந்த இடத்துக்கு வந்து சேரும் வழி எல்லோருக்கும் ஒன்றல்ல. விலங்கியல் படித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் பட்டமேற்படிப்பு முடித்து வருகிறவர்கள் உண்டு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலிருந்தும், அதே ஊரில் 1998இல் தொடங்கிய சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நேராக ஆய்வு மாணவராகவும் வருகிறார்கள். உலகப் பவள இனங்களை மூன்று பெருந்தொகுதிகளாக 2000இல் தொகுத்து வெளியிட்ட ஆஸ்திரேலியரான சார்லி வெரான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது தட்டான்பூச்சிகளை. கடலில் முக்குளிப்பது அவருக்குப் பொழுதுபோக்காக இருந்தது; அதுவே அவரைப் பவளத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆகவே 'நான் இளநிலையில் கடல் உயிரியல் எடுக்கவில்லையே' என்று தயங்கும் மாணவர்களிடம், தயங்க வேண்டாம் என்று நான் தைரியமாகச் சொல்வேன். நீந்தத் தெரிய வேண்டும். பொறுமை வேண்டும். புள்ளியியலுக்குப் பயப்படக் கூடாது.

அனுமதியும் வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கல்பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் புலிக்கு என்ன இடமோ அதே இடம். ஆய்வுக்கென்றாலும் சுண்டுவிரல் நீளத் துண்டை உடைக்க வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அது வர மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களை வீணாக்காதவர்கள் கரையில் உட்கார்ந்து இனங்காணக் கற்றுக்கொள்கிறார்கள்.

இனங்காண்பது எளிதல்ல. மண்டபத்திலிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சி.எஸ். கோபிநாத பிள்ளை இந்தியப் பவளங்களை வகைப்படுத்தியவர்களில் முதன்மையானவர். அவர் காலத்தில் இந்த வளைகுடாவில் 94 இனங்கள் கணக்கில் இருந்தன. பின்னால் நடந்த ஆய்வுகளில் அது 117 ஆனது. ஒரே இனம் அலை மோதும் பக்கத்தில் கட்டை குட்டையாகவும் அமைதியான பக்கத்தில் விரிந்தும் வளரும் என்பதால் வடிவத்தை மட்டும் நம்ப முடியாது. உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு குழிகளின் விட்டம், உள்ளே இருக்கும் தகடுகளின் எண்ணிக்கை, பக்கத்துக் குழியோடு சுவரைப் பகிர்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். மண்டபத்தில் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய எலும்புக்கூடுகளின் முன்னால் உட்கார்ந்து கழிக்கிற நாள்கள் பிறகு கடலில் கைகொடுக்கும்.

கடலுக்குப் போகும் நாளை முடிவு செய்வது மாணவியல்ல, வழிகாட்டிப் பேராசிரியரும் அல்ல. படகுக்காரர்.

"அண்ணே, நாளைக்குப் போலாமா?"

"கச்சான் எறங்கிருச்சு தங்கச்சி. மேல பாத்தா வெயிலு, அடியில ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் பொறு."

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வளைகுடாவைக் கலக்கிவிடும். அடி மண் எழும்பி, நீட்டிய கை தெரியாத அளவுக்குத் தண்ணீர் பாலாகிவிடும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில்தான் தெளிவு அதிகம். அளவை வேலைகளை அதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். கச்சான் வந்ததும் ஆய்வாளர்கள் கரையில் முடங்குவார்கள். ஆனால் பவளம் பிழைப்பதும் பெரும்பாலும் அந்தக் காற்றால்தான். ஏப்ரல், மே மாதங்களில் 30 டிகிரியைத் தாண்டி ஏறிய தண்ணீரை அது கிளறிக் குளிர்விக்கிறது. காற்று ஓரிரு வாரம் தாமதித்தால் சாவு கூடுகிறது.

ஏன் ஒன்றிரண்டு டிகிரிக்கு இவ்வளவு பாதிப்பு என்று கேட்கலாம். பவளச் சதையின் உயிரணுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். பவளத்துக்குக் கிடைக்கும் நிறம் அவற்றால். அது செலவழிக்கும் ஆற்றலில் 90 விழுக்காடு வரைகூட அவை சமைத்துத் தருவதுதான். வெப்பமும் கடும் வெயிலும் சேரும்போது பாசியின் ஒளிச்சேர்க்கைப் பொறி பழுதாகி, உயிரணுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் வகைகளைக் கக்கத் தொடங்குகிறது. உணவளித்தவையே நஞ்சளிக்கின்றன. பவளம் அவற்றை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போகிறது, உணவும் போகிறது. சேமித்து வைத்த கொழுப்பை வைத்துக்கொண்டு சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் தண்ணீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்பப் பெருகும்.

செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து இதை முன்கூட்டியே கணிக்கிறார்கள். ஓர் இடத்தின் வழக்கமான கோடை உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி அதிகமாக ஒரு வாரம் நீடித்தால் அது ஒரு 'வெப்ப வாரம்'. பன்னிரண்டு வாரக் காலத்தில் அப்படி நான்கு சேர்ந்தால் வெளிறல் கண்ணில் படும். எட்டுச் சேர்ந்தால் சாவு தொடங்கும். மாணவியின் கைபேசியில் ஏப்ரல் மாதம் முழுக்கத் திறந்தே இருக்கும் பக்கம் இந்த வெப்ப வரைபடம்தான்.

2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் நடந்ததைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திட்டில் உயிர்ப்பவளம் மூடியிருந்த பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 ஆகக் குறைந்தது. ஒரே கோடையில். அதிகம் மாண்டவை வேகமாக வளரும் கிளைப்பவளங்களும் தகட்டுப்பவளங்களும்: அக்ரோபோரா, மொண்டிபோரா, போசிலோபோரா. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்போல மெல்ல வளரும் உருண்டைப் போரைட்டிஸ்கள் வெளிறினாலும் பெரும்பாலும் மீண்டன.

இந்த 38.9, 22.7 போன்ற எண்கள் எப்படி வருகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவியின் வேலைநாள் அதில்தான் கழிகிறது. 20 மீட்டர் அளவுநாடாவைத் திட்டின் மேல், கரைக்கு இணையாக, ஒரே ஆழத்தில் விரிப்பார்கள். நாடாவின் தொடக்கத்திலிருந்து மெல்ல நீந்திக்கொண்டே அதன் கீழே வருவதை எழுத வேண்டும். 0 முதல் 41 சென்டிமீட்டர் வரை மணல். 41இலிருந்து 63 வரை உருண்டைப் பவளம். 63இலிருந்து 70 வரை செத்த பவளம், மேலே பாசி. 70இலிருந்து மறுபடி மணல். எழுதுவதற்குப் பிளாஸ்டிக் பலகையும் சாதாரணப் பென்சிலும். உடம்பை அசையாமல் மிதக்க வைப்பதுதான் கடினம். துடுப்பு ஒருமுறை தரையில் பட்டால் மண் எழும்பும். அடுத்த பத்து நிமிடம் நாடாவே தெரியாது. மோசமாகப் பட்டால் நூறாண்டு வளர்ந்த பவளத்தின் மேல் கீறல் விழும். 20 மீட்டரில் உயிர்ப்பவளம் எத்தனை சென்டிமீட்டர் என்று கூட்டினால் விழுக்காடு கிடைக்கும். 1970களில் செங்கடலின் ஏய்லத் கரையில் யோசி லோயா இந்த முறையைப் பவளத்துக்குப் பொருத்திக் காட்டினார். இன்று உலகம் முழுக்க இதுவோ இதன் தம்பி முறைகளோதான்.

நிறத்தை அளக்க ஓர் அட்டை இருக்கிறது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2002இல் உருவாக்கியது. ஒவ்வொரு நிறத்துக்கும் வெளிரிலிருந்து அடர்த்தி வரை ஆறு படிகள். பவளத்தின் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு எண் குறிக்க வேண்டும். பின்னொரு நாள் அதே பவளம் இரண்டு படி மாறியிருந்தால் உள்ளே பாசியின் அளவு மாறியிருக்கிறது என்று பொருள். விலை மலிவு, மின்சாரம் வேண்டாம், பள்ளி மாணவர்கள்கூடப் பயன்படுத்தலாம். எனக்கு இந்த அட்டை மேல் தனி மரியாதை உண்டு.

ஆனாலும் ஒரு கட்டத்தில், நல்ல மாணவி இந்த விழுக்காடுகளைச் சந்தேகிக்கத் தொடங்குவார். தொடங்க வேண்டும். இரண்டு திட்டுகளில் உயிர்ப்பவளம் 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் கிழட்டு உருண்டைப் பவளங்கள் சிலவே அந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கின்றன. இன்னொன்றில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான பவளங்கள். எண் ஒன்றுதான், நலம் ஒன்றல்ல. பெரியவர்கள் நிறைந்திருக்கிற ஊரில், படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்றால் அந்த ஊரைப் பற்றி நாம் என்ன முடிவுக்கு வருவோமோ அதே முடிவுக்குத்தான் முதல் திட்டைப் பற்றியும் வர வேண்டும்.

இதைக் கடலில் காட்டிய ஆய்வு ஒன்று ஒரு மாணவரின் சதுரங்களிலிருந்து பிறந்தது. அயர்லாந்திலிருந்து வந்த டெர்ரி ஹியூஸ் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, ஜமைக்காவின் வடகரையில் வேலை செய்தார். அங்கே ரியோ புவெனோ என்ற இடத்தில் திட்டின் மேல் நிலையான சதுரங்கள் குறிக்கப்பட்டு, 1977 முதல் ஆண்டுதோறும் படமெடுக்கப்பட்டன. எந்தப் பவளம் வளர்ந்தது, எது சுருங்கியது, எது பிளந்து இரண்டானது, எந்தக் காலி இடத்தில் புதுக் குட்டி முளைத்தது என்று ஒவ்வொன்றையும் தொடர்ந்தார்கள்.

1980இல் ஆலன் புயல் வந்து கிளைப்பவளங்களை நொறுக்கியது. புயல் ஜமைக்காவுக்குப் புதிதல்ல. பவளம் மீளும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தொடக்கத்தில் மீளவும் செய்தது. 1983இல் நீண்ட முட்களுள்ள கறுப்புக் கடல் முள்ளெலிகள் ஏதோ ஒரு நோயில் கரீபியன் முழுக்க ஏறக்குறைய அடியோடு மாண்டன. ஜமைக்காவில் பாசி மேயும் மீன்களை மனிதர்கள் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பாசியை மேய்வதற்கு மிச்சமிருந்தது முள்ளெலி ஒன்றுதான். அதுவும் போனதும் பாசி பெருகியது. 1970களின் இறுதியில் 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்த பவளப் பரப்பு 1990களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழே. 4 விழுக்காடு இருந்த பெரும்பாசி 92.

1994இல் வெளியான இந்த எண்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் அந்தச் சதுரங்கள் சொன்ன இன்னொரு சேதி ஆறு ஆண்டு கழித்து வந்தது. மாணவர்களிடம் நான் படிக்கச் சொல்வது அதைத்தான். ஹியூஸும் அவருடைய சக ஆய்வாளர் டேனரும் 16 ஆண்டுப் படங்களை வைத்துக் கணக்கிட்டபோது, பவளங்கள் சாவது கூடியது மட்டுமே காரணமல்ல, புதிய குட்டிகள் வருவதே நின்றுபோயிருந்தது என்று தெரிந்தது. பாசி மூடிய பாறையில் லார்வாவுக்கு ஒட்ட இடமில்லை. ஒட்டினாலும் நிழலில் மூச்சடைத்துப் போகும். பெரிய பவளங்கள் இருக்கும்வரை திட்டு பார்ப்பதற்குப் பவளத்திட்டாகவே தெரியும். விழுக்காட்டை மட்டும் பார்த்தால் குட்டிகள் வராமல் போனது தெரியாது.

இதைப் படித்த பிறகு மாணவியின் கண் மாறுகிறது. இதுவரை நாடாவின் கீழ் பெரிதாகத் தெரிந்ததைப் பார்த்தவர், இப்போது சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து அதற்குள் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைவானவற்றைத் தேடுகிறார். முதல் சில நாள்கள் ஒன்றும் அகப்படாது. செத்த பவளத்தின் அடிப்பக்க விளிம்பில், சிப்பி ஓட்டின் ஓரத்தில், பாசிக்கும் கடற்பஞ்சுக்கும் இடையே விட்டுப்போன நகக்கண் அளவு இடத்தில் இருக்கும். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம், அதில் ஐந்தாறு குழிகள். அதைவிடச் சின்னது வேண்டுமானால் இரவில் நீல விளக்கும் மஞ்சள் கண்ணாடியும் கொண்டு போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குட்டிகள் பல அந்த வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். ஒன்றைப் பார்த்துவிட்டால் பிறகு கண் தானாகவே பழகிக்கொள்கிறது.

குட்டி எங்கிருந்து வருகிறது என்பதே நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை சரியாகத் தெரியாமல் இருந்தது. பவளங்களில் பெரும்பாலானவை தாய்க்குள்ளேயே லார்வாவை வளர்த்து வெளியிடும் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில், பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்களைக் கொண்ட குழுவொன்று இரவுகளில் கடலில் காத்துக் கிடந்தது. அவர்கள் பார்த்தது, வசந்தகால முழுநிலவுக்குச் சில இரவுகள் கழித்து, பெருந்தடைத் திட்டில் டஜன் கணக்கான இனங்கள் ஒரே சமயத்தில் முட்டையும் விந்தும் சேர்ந்த இளஞ்சிவப்பு உருண்டைகளைக் கடலில் விடுவதை. உருண்டைகள் மேலே மிதந்து, உடைந்து, வேறொரு பவளத்தின் விந்தோடு கலந்து லார்வாவாகின்றன. சில நாள் நீரோட்டத்தில் அலைந்து, கடினமான தரையில், குறிப்பாக இளஞ்சிவப்பு மேலோடாகப் படியும் சுண்ணாம்புப் பாசியின் வாசனை பிடித்து இறங்கி ஒட்டுகின்றன. 1984இல் இது 'சயின்ஸ்' இதழில் வந்தது. பவள உயிரியலின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று மாணவர்களின் தூக்கம் கெட்ட இரவுகளில் பிறந்தது என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆக, குட்டி வர வேண்டுமென்றால் மூன்று வேண்டும்: முட்டையிடும் வயதில் போதுமான பெரிய பவளங்கள், அவற்றிடமிருந்து லார்வாவைக் கொண்டு வரும் நீரோட்டம், ஒட்டுவதற்குச் சுத்தமான தரை. 2016இலும் 2017இலும் அடுத்தடுத்துப் பெருந்தடைத் திட்டு வெளிறிய பிறகு, 2018இல் அங்கே புதிதாக ஒட்டிய குட்டிகள் முந்தைய ஆண்டுகளின் சராசரியைவிட 89 விழுக்காடு குறைந்திருந்தன. தரை இருந்தது, நீரோட்டம் இருந்தது, தாய்கள் செத்துப்போயிருந்தன. மறுபக்கம், மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் தனியாகக் கிடக்கும் ஸ்காட் திட்டு 1998 வெளிறலில் பவளத்தில் பெரும்பகுதியை இழந்து 9 விழுக்காட்டில் நின்றது. வெளியிலிருந்து லார்வா வரும் தொலைவில் வேறு திட்டு இல்லாததால், மீள மிக நீண்ட காலம் ஆகும் என்று நினைத்தார்கள். 12 ஆண்டில் 44 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. முதல் ஆறு ஆண்டு, தப்பிய பவளங்கள் வளர்ந்தே பரப்பை நிரப்பின. அவை பெரிதாகி முட்டையிட்ட பிறகு குட்டிகள் வெள்ளமாக வந்தன. அங்கே கழிவுநீர் இல்லை, வண்டல் இல்லை, பாசி மேயும் மீன்களும் குறையாமல் இருந்தன.

அந்தக் கடைசி வரிதான் மன்னார் வளைகுடாவில் வேலை செய்கிறவரைத் தூங்கவிடாதது. ஏனென்றால் இங்கே அந்தச் சாதகமான நிலை இல்லை. தூத்துக்குடிப் பக்கம் பல பத்தாண்டுகளாகப் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் படகு படகாகக் கொண்டுபோனார்கள். 2000களின் நடுப்பகுதியில்தான் அது ஓய்ந்தது. அலையைத் தாங்கிய திட்டு போனதால் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. வெட்டிய இடத்தில் இன்றும் உடைந்த கல் அலைக்கு உருண்டுகொண்டிருக்கிறது. உருளும் கல்லில் எந்தக் குட்டியும் நிலைக்காது. மண்டபம் பக்கம் வேறு கதை. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி குருசடைத் தீவில் பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பாசியின் ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி தழைக்கும் என்பதால் கையால் பிடுங்கிப் பிடுங்கியே கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

இவற்றோடு வெப்பமும் சேர்கிறது. கடும் வெளிறல்களுக்கு இடையே 1980களின் தொடக்கத்தில் உலக அளவில் 25 முதல் 30 ஆண்டு இடைவெளி இருந்தது. 2016 அளவில் அது ஆறு ஆண்டாகிவிட்டது. ஸ்காட் திட்டு, எந்தத் தொந்தரவும் இல்லாமல், 12 ஆண்டு எடுத்துக்கொண்டது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. 2023இல் தொடங்கிய நான்காவது உலகளாவிய வெளிறலில் உலகப் பவளத்திட்டுகளில் 84 விழுக்காட்டுப் பரப்பு வெளிறலுக்குப் போதுமான வெப்பத்தைச் சந்தித்தது. லட்சத்தீவில் அகத்தி, கடமத், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளை 1998 முதல் 24 ஆண்டுகள் விடாமல் அளந்த குழு, உயிர்ப்பவளம் 37 விழுக்காட்டிலிருந்து 19 ஆனதைக் காட்டியிருக்கிறது. அப்படி ஒருவர் தொடங்கி, இன்னொருவர் தொடர்ந்து, அதே இடத்தை அதே முறையில் அளந்திருக்காவிட்டால் 19 என்பதை நாம் இயல்பு என்றே நினைத்திருப்போம்.

மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் எச்சரித்ததும் இதைத்தான்: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்கு வந்த நாளில் பார்த்த கடலையே முழுக் கடலென்று எடுத்துக்கொள்கிறார். இதற்கு மருந்து பழைய பதிவுகள். பதிவு இல்லாத காலத்துக்கு மனித நினைவு. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாக முகமூடி போட்டு மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறவர்கள். எந்தப் பாரில் எந்தப் பக்கம் கல் உயிரோடு இருந்தது, எப்போது மணல் ஏறியது, ஓரா மீன் கூட்டம் எந்தப் பருவத்தில் மேய வரும் என்று அவர்களுக்குத் தெரியும். வினாத்தாளை நீட்டிக் கேட்டால் வராது. அவர்களோடு கடலுக்குப் போய், வேலை முடிந்து கரையில் பாசி உலர்த்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வரும். 'அக்கா, இங்க முன்னாடி எப்படி இருந்துச்சு?' என்று தொடங்கும் பேச்சை ஆய்வேட்டின் ஓர் இயலாக்க முடியும். ஆக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தூத்துக்குடியில் மாணவிக்கு இப்போது காத்திருக்கும் வேலை வான் தீவுக்கு முன்னால் இருக்கிறது. கரைந்துகொண்டே போன அந்தத் தீவைக் காப்பாற்ற, 2015 முதல் கான்கிரீட்டில் செய்த துளையுள்ள செயற்கைத் திட்டு அமைப்புகளை வரிசையாகக் கடலில் இறக்கினார்கள். முதல் நோக்கம் அலையின் வேகத்தைக் குறைப்பது. இரண்டாவது நோக்கம் உருளாத, உறுதியான தரையை லார்வாக்களுக்குத் தருவது. உயிர்ப்பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி வளர்க்கும் வேலையும் இந்தக் கரையில் இருபதாண்டுக்கு மேலாக நடக்கிறது. கட்டிய துண்டு வளர்ந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து வெற்றி என்று அறிக்கை எழுதுவது எளிது. நான் அதை வெற்றியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். யாரும் கட்டாத, தானாக வந்து ஒட்டிய குட்டி எத்தனை, அதில் எந்த இனம், அடுத்த கோடை தாண்டி எத்தனை மிச்சம் என்பதுதான் கேள்வி. வேகமாக வளரும் அக்ரோபோரா திரும்ப வருகிறதா, அல்லது வெப்பம் தாங்கும் போரைட்டிஸும் ஃபேவியா குடும்பமும் மட்டும் வருகின்றனவா என்பதைப் பொறுத்து, இன்னும் இருபது ஆண்டில் அந்தத் திட்டில் மீன் ஒளிய இடம் இருக்குமா என்பது முடிவாகும்.

அதற்காக மாணவி தன் பலகையில் ஒரு புதுப் பத்தி போட்டிருக்கிறார். கான்கிரீட்டின் எந்த முகம், கடற்பக்கமா தீவுப்பக்கமா, மேலா அடியா. குட்டியின் குறுக்களவு மில்லிமீட்டரில். சுற்றிலும் இருப்பது சுண்ணாம்புப் பாசியா, நூல்பாசியா, வண்டலா. ஒவ்வொரு குட்டிக்கும் பக்கத்தில் எண் பொறித்த சின்னத் தகடு ஒன்றை எப்பாக்சி வைத்து ஒட்டி, அளவுகோலோடு படமெடுத்து வைக்கிறார். கச்சான் ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் அதே தகடுகளைத் தேடிப் போக வேண்டும். பாதித் தகடுகளைச் சிப்பியும் பாசியும் மூடியிருக்கும் என்பதால் கையில் ஒரு பழைய பல்துலக்கியும் எடுத்துப் போவார்.